வெஸ்ட் டீன் மாளிகையில் கைவினை: குறுகிய வகுப்பா, முழுநேரப் படிப்பா?

இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகருக்கு அருகே, சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்களோடு நிற்கும் வெஸ்ட் டீன் மாளிகை, கனவுபோன்ற காட்சிகளைத் தீட்டிய சர்ரியலிச ஓவியர்களின் புரவலரான எட்வர்ட் ஜேம்ஸ் அதை ஓர் அறக்கட்டளைக்கு அளித்ததன் பயனாக, 1971 முதல் கலை, கைவினைக் கல்லூரியாக இயங்கிவருகிறது.

அங்கே நடக்கும் குறுகிய வகுப்புகளில் கூடை முடைதல், மட்பாண்டம் வனைதல் போன்றவற்றை முன்பழக்கம் இல்லாதவரும் கற்கலாம். ஊறவைத்த வில்லோ குச்சிகளால் தாமே முடைந்த கூடையோடு வீடு திரும்பலாம் என்பது உண்மைதான். ஆனால் குச்சி எந்தப் பதத்தில் வளையும், எப்போது முறியும் என்பதை விரல்கள் தாமாக அறிவதற்குச் சில நாட்கள் போதா.

கடிகாரம், பீங்கான், புத்தகம், மரச்சாமான் ஆகியவற்றைச் சீரமைத்துப் பாதுகாக்கும் முழுநேரப் படிப்போ வேறு வகையானது. பழம்பொருளை எந்த அளவுக்குத் தொடாமல் விடுவது என்னும் தீர்மானமே அதில் கடினமான பாடம். தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றிவிட்டால் கடிகாரம் ஓடும். ஆனால் அதைச் செய்தவரின் அரம் பதித்த தடங்கள் அதோடு போய்விடும். கைவேலைக்குப் பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டைக்காக, ஒற்றைக்கொம்புக் குதிரையைச் சித்திரிக்கும் ஏழு பழைய சுவர்த் திரைச்சீலைகளை மறுபடி நெய்ய இக்கல்லூரியின் நெசவாளர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனதே சான்று.

பொழுதுபோக்காகக் கற்பவருக்குக் குறுகிய வகுப்பே தாராளம். அருங்காட்சியகப் பணியை நாடுபவர் முழுநேரப் படிப்பைத் தவிர்க்க இயலாது என்றாலும், செய்யும் வேலையை விடுமுன் குறுகிய வகுப்பொன்றில் அமர்ந்து பார்ப்பதே விவேகம் என்பேன்.