நாரி நோவுக்கு வாங்கிய இரண்டு பெல்ட்

முதல் வாங்கிய பெல்ட் அலுமாரிக்குள் சும்மா கிடக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எனக்கு நாரி நோ புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்பே நாரியின் எல்4-எல்5 முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கிற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பதாக ஸ்கானில் வந்தது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற வேலை வேறு. கர்ப்பத்தின் ஆறாம் மாதம் முடிய, கோண்டாவிலில் ஏறி யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் இடது பக்கம் பிடித்து இழுக்கும். ஒரு பாமசியில் பெல்ட் கேட்டேன். "நாரிக்கு எல்லாரும் இதைத்தான் கொண்டு போகினம் அக்கா" என்று பெடியன் தந்தது, பின்னால் தகடு வைத்த சாதாரண இடுப்புப் பெல்ட். வயிறு தெரிய நின்று கேட்டவளுக்கு! கட்டிக்கொண்டு இருந்தால் வயிற்றை நெரிக்கிறது, நெஞ்செரிவு வருகிறது. பிரித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். 2,800 ரூபாய் போனது.

பிறகு கிளினிக்கில் சொல்லி, இயன்மருத்துவரிடம் போனேன். குதிக்காலிலும் நுனிக்காலிலும் நடக்கவிட்டுப் பார்த்தார். நோ முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஓடுகிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் இது பழைய டிஸ்க்கின் வேலையாகத் தெரியவில்லை, கர்ப்பத்தில் கூடச் சுரக்கும் ரிலாக்சின் ஹோர்மோனால் இடுப்பு மூட்டு நார்கள் தளர்ந்ததுதான் என்றார். கால் வலுவிழந்தாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ மட்டும் ஒரு நாளும் பொறுக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். வீட்டில் மிச்சமிருந்த டைக்ளோபினாக் நோக்குளிசையையும் தொடக் கூடாதாம்.

இரண்டாவது பெல்ட் ஆஸ்பத்திரி வீதியில் வேறொரு கடையில் 4,500 ரூபாய். கர்ப்பிணிகளுக்கென்றே தைத்தது. முன்பட்டி வயிற்றின் மேல் ஏறாமல் அடிவயிற்றைக் கீழிருந்து தாங்குகிறது, பின்னால் அகலமாக இடுப்பெலும்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. படுத்தபடி கட்டிவிட்டு எழும்ப வேண்டும். நின்று கட்டினால் பாதிப் பலன்தான். நடக்கும்போது உண்மையாகவே சுகம். சந்தைக்குள் அரை மணித்தியாலம் நின்று மரக்கறி வாங்கினேன், போன மாதம் நினைக்கவே முடியாது.

ஆனால் கதிரையில் இருந்தால் ஓரம் சுருளுகிறது. வெல்க்ரோ சுடிதார் நூலை எல்லாம் பிய்க்கிறது. எங்கள் வெயிலுக்கு உள்ளே பருத்திப் பெனியன் இல்லாமல் கட்டினால் வேர்க்குரு நிச்சயம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நான் கட்டுவதில்லை, நாள் முழுக்கக் கட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவுமில்லை.

இரவில் புரளும்போது வரும் நோவுக்கு இது உதவாது. அதற்கு மாமி தந்த இலவம்பஞ்சுத் தலையணைதான். "காலுக்கிடையில வைச்சு ஒருக்களிச்சுப் படு பிள்ளை" என்றா. சதம் செலவில்லாமல் 4,500 ரூபாய்ச் சாமானை விட அதுவே கூடச் செய்தது.

இப்போது எட்டாம் மாதம். பட்டி நுனி இரண்டு விரலளவுதான் ஒட்டுகிறது. வாங்குகிறவர்கள் கடையிலேயே கட்டிப் பார்த்து, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள்.