இடுப்பைக் கட்டிப்பிடித்தால் எந்த விசில்?

கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாலை கூடைப்பந்து ஆட்டம். பொள்ளாச்சிப் பையன்கள் நாலு புள்ளி பின்னால். மிச்சம் 40 நொடி. பாலக்காட்டு அணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட, கடிகாரத்தை நிறுத்தப் பொள்ளாச்சிப் பையன் ஒருவன் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். நடுவர் விசிலடித்து முஷ்டியை உயர்த்தினார்: சாதாரண ஃபவுல். "சாரே, அவன் பந்தப் பாக்கவே இல்லையே!" என்றான் பாலக்காட்டு கேப்டன்.

அவன் சொன்னதுதான் சரி. இங்கே ஆடுவது ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி. பந்துக்கு முயலாமல் ஆளைப் பிடித்தால் அது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக், அதாவது ஆட்டப் பண்புக்கு ஒவ்வாத ஃபவுல். நடுவர் ஒரு கையைத் தூக்கி, மறு கையால் அதன் மணிக்கட்டைப் பற்றிக் காட்ட வேண்டும். ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து சாதாரணத்துக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிவது) உண்டுதான். ஆனால் கடைசி த்ரோ தவறினால் பந்து யாருக்கும் போகலாம். பிடித்தவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் என்றால் இரண்டு த்ரோவும் போட்டு, பந்தும் திரும்பக் கிடைக்கும்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ வேறு வழி. பந்து இல்லாதவனைக் கடைசி 2 நிமிடத்தில் பிடித்தால் ஒரு த்ரோவும் பந்தும். முன்பு நாலாவது கால்பகுதியோடும் கூடுதல் நேரத்தோடும் நின்றிருந்த இதை, 2016-இல் எல்லாக் கால்பகுதிக்கும் நீட்டினார்கள். வேகமாகப் பாய்கிறவனை வேண்டுமென்றே நிறுத்தினாலும் 2022-23 முதல் அதே தண்டனை. ஆனால் நாலாவது கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் அது கிடையாது! ஆட்டம் தீர்மானமாகிற நேரத்தில் கதவைத் திறந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

அதற்காக ஃபிபாவில் எல்லாம் சுலபம் என்றில்லை. 'பந்துக்குத்தான் போனானா?' என்பதை நடுவர் ஒரு கணத்தில் முடிவு செய்ய வேண்டும். தண்டனை கனத்தால் விசில் தயங்குவதை எத்தனையோ ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் ஃபிபாவின் 2022 மாற்றம் எனக்குப் பிடித்தது: கடைசி 2 நிமிடத்தில், வெளியிலிருந்து பந்து எறிகிறவன் கையை விட்டுப் போகும் முன் ஃபவுல் செய்தால், முன்பு நேராக அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக்; இப்போது ஒரு த்ரோவும் பந்தும். கனம் குறைவு, நடுவர் யோசிக்க வேண்டியதும் இல்லை.

மூன்றாவது வழி 'எலாம் முறை'. ஆட்டத்தின் கடைசியில் கடிகாரத்தை அணைத்துவிட்டு இலக்குப் புள்ளி வைப்பார்கள்; அதை முதலில் எட்டுகிற அணிக்கு வெற்றி. 2020 முதல் 2023 வரை என்பிஏ ஆல்ஸ்டார் ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. நேரத்தை நிறுத்த ஃபவுல் செய்ய வேண்டிய தேவையே போய்விடுகிறது. ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நம் பையன்களுக்கு, எப்போது முடியும் என்று தெரியாத ஆட்டம் சரிவராது.

எனக்கு ஃபிபாதான், முதல் பிடியிலேயே மணிக்கட்டைப் பிடிக்கிற நடுவரோடு. அன்று அவர் முஷ்டியோடு விட்டார். அந்த 40 நொடிக்குள் இன்னும் மூன்று முறை அதே இடுப்புப் பிடி விழுந்தது.