கண்ணாடி ஐஸ்: மட்டக்களப்பு வீட்டுக் குசினியில் நீண்டநாள் பாவித்த அனுபவம்

வீட்டு பிரிட்ஜில் கண்ணாடி போலத் தெளிந்த ஐஸ்கட்டி எடுக்க விலை கூடிய சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு சின்ன ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி, அதற்குள் இறுக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் டப்பா, பாண் வெட்டும் பல்லுக் கத்தி, இவ்வளவும் இருந்தால் சரி. கல்லடியில் எங்கள் வீட்டில் இது வருடக்கணக்காக நடக்கிறது. இடையில் பெட்டி நைந்து புதிது வாங்கியாயிற்று, பிரிட்ஜும் மாறிவிட்டது, செய்முறை மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லாப் பானத்துக்கும் இந்த மினக்கேடு பெறுமதியா என்று கேட்டால், இல்லை. சிலவற்றுக்கு ஓம்.

சாதாரண ஐஸ் தட்டில் கட்டி ஏன் வெள்ளையாக வருகிறது என்பது விளங்கினால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். தட்டில் உள்ள தண்ணீருக்கு எல்லாப் பக்கத்தாலும் ஒரே நேரத்தில் குளிர் ஏறுகிறது. தண்ணீர் உறையும்போது தன்னில் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் கூடவே சேர்த்துக்கொள்வதில்லை. இன்னும் உறையாத பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. வெளிப்புறம் முதலில் இறுகிவிடுவதால் தள்ளுப்பட்டதெல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அங்கே காற்று சின்னச் சின்னக் குமிழாகிறது; நாம் பார்க்கும் பால்நிறம் அதுதான். உறையும் தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கவும் செய்கிறது. நடுவில் பருக்க இடமில்லாததால் மேலே ஒரு மேடு எழும்பும், சில நேரம் வெடிப்பும் விழும்.

நம் ஊரில் இதைப் பார்க்க பிரிட்ஜைத் திறக்கவும் தேவையில்லை. மீனுக்கு இறக்கும் ஐஸ் பாரைக் கொஞ்சம் கவனித்தால் போதும். ஓரம் தெளிவாக இருக்கும், நடுவில் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். தகரப் பெட்டியில் தண்ணீரை நிரப்பி, கடுங்குளிரான உப்புக் கரைசலுக்குள் இறக்கி உறைய வைப்பதால் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி இறுகுகிறது. தெளிந்த பார் வேண்டுமென்றால் உறையும் தண்ணீருக்குள் காற்றை ஊதி அசைத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் நடுவில் தேங்கும் தண்ணீரை இழுத்தெடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடும் வழக்கமும் உண்டு. மீன் ஐஸை உடைத்துக் குடிக்கிற தண்ணீருக்குள் போடக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லைதான். திருவிழாக் கூட்டத்தில் அப்படிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லிவைக்கிறேன்.

குளிர் நாடுகளில் ஏரி உறைவது வேறு மாதிரி. மேலே மட்டும் குளிர் படும், அதனால் மேலிருந்து கீழே இறுகும். காற்றும் அழுக்கும் அடித்தண்ணீருக்குப் போய்விடும். பொஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர் 1833 இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பியது இப்படி ஏரியில் வெட்டியெடுத்த ஐஸ்தான். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் கட்டடமும் அவருடைய ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டியது. அந்த ஏரியைச் சின்னதாக்கி ஒரு பெட்டிக்குள் வைக்கலாம் என்று காட்டியவர் சான்பிரான்சிஸ்கோவில் பானங்களைப் பற்றி எழுதும் கேம்பர் இங்கிலிஷ். மூடி இல்லாத குளிர்காப்புப் பெட்டியில் தண்ணீரை ஊற்றி பிரீசரில் வைத்தால் பக்கங்களாலும் அடியாலும் குளிர் ஏறாது, மேலால் மட்டும்தான் ஏறும் என்பதை 2009 இல் அவர் எழுதினார். இப்போது கடைகளில் விற்கும் தெளிந்த ஐஸ் அச்சுகளும் பெரும்பாலும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

என்னுடைய ஏற்பாடு இப்படி. ரெஜிபோம் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு, உள்ளே சாப்பாட்டுக்குப் பாவிக்கும் வளைந்து கொடுக்கிற டப்பாவை வைக்கிறேன். ரெஜிபோமில் நேரே தண்ணீர் ஊற்றினால் சில நாளில் மணிமணியாக உதிர்ந்து ஐஸோடு வரும். மீன் வந்த பழைய பெட்டியை எவ்வளவு கழுவினாலும் வாசம் போகாது, புதிதாக வாங்குங்கள். டப்பாவில் நாலைந்து அங்குல உயரத்துக்குத் தண்ணீர். அதை முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர வைத்து, பிறகுதான் பிரீசருக்கு மாற்றுகிறேன். நம் ஊர் வெயிலில் சூடாகிக் கிடக்கும் தண்ணீரை நேரே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் மீனும் இறாலும் இளகத் தொடங்கும், வீட்டில் சண்டையும் தொடங்கும்.

ஏறத்தாழ ஒரு நாளில் மேலே இரண்டு மூன்று அங்குலம் உறைந்திருக்கும். முதல் அங்குலம் சீக்கிரம் வந்துவிடும். அதற்குப் பிறகு உறைந்த ஐஸே குளிரைத் தடுக்கும் போர்வையாகிவிடுவதால் போகப் போக மந்தமாகும். விசிறி உள்ள பிரிட்ஜில் கொஞ்சம் வேகம் கூட. அடியில் தண்ணீர் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். விட்டால் அடிப்பகுதியும் உறையும், வெள்ளை முழுக்க அங்கே சேரும், விரிவதற்கு இடமில்லாமல் டப்பாவும் பிளக்கும். அப்படி முழுதாக உறைந்தாலும் ஐஸ் பழுதில்லை, அடியிலுள்ள வெள்ளையை வெட்டி எறியலாம். ஆனால் அது கூடுதல் வேலை.

தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு தரம் கொதிக்க வைத்தால் ஐஸ் தெளியும் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக ஓடுகிறது. கொதிக்க வைத்தால் கரைந்த காற்றில் ஒரு பங்கு போகும், உண்மைதான். ஆறும்போது அது திரும்பவும் ஏறிவிடும். சாதாரணத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் வெள்ளை கொஞ்சம் குறையுமே தவிரப் போகாது. இந்தப் பெட்டியில் கொதித்த தண்ணீர், கொதிக்காத தண்ணீர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன், கட்டியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்க வைத்தே வைக்கிறேன். அது தெளிவுக்காக அல்ல. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி நம்ப முடியாது, பல கிருமிகள் ஐஸுக்குள்ளும் உயிரோடு கிடக்கும்.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைக் கிணறுகளில் மணலில் ஊறிய தண்ணீர் பார்வைக்கு நல்ல தெளிவு, ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படையாகப் படியும். தட்டு ஐஸில் இது கரையும்போது கிளாஸின் அடியில் தூளாக இறங்கும். பெட்டி முறையில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் உப்பும் காற்றோடு சேர்ந்து அடித்தண்ணீருக்குப் போய்விடுகிறது. உறையாமல் மிஞ்சிய தண்ணீரைச் சட்டியில் வற்ற விட்டுப் பார்த்தால் படிவது வழக்கத்தை விடத் தடிப்பாக இருக்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் படிவு குறைவு, குளோரின் வாசம் மட்டும் இருக்கும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

எங்கள் பிரச்சினை வேறு வாசம். இந்த ஊரில் பிரீசர் என்றால் மீன் இருக்கும், இறால் இருக்கும், சில நேரம் கருவாடும் இருக்கும். பெட்டிக்கு மூடி போட முடியாது, போட்டால் குளிர் இறங்காது. டப்பாவின் வாயில் மெல்லிய பொலித்தீன் தாளை இழுத்துக் கட்டிவிடுவதுதான் எனக்குச் சரிவந்த வழி. குளிர் போகும், வாசம் ஏறாது. மேற்பரப்பும் ஒரே மட்டமாக உறையும்.

வெட்டுவதில் அவசரம் உதவாது. பிரீசரிலிருந்து எடுத்த கட்டியின் மேல் வெண்பனி படிந்திருக்கும். அந்த நேரத்தில் கத்தி வைத்தால் கண்டபடி வெடிக்கும். வெளியில் கொஞ்ச நேரம் விட்டுப் பனி மறைந்து மேற்பரப்பு பளபளவென்று நனைந்ததும், பாண் கத்தியால் ஒரு கோடு அறுத்து, கத்தியை அந்தக் கோட்டில் நிறுத்தி அதன் முதுகில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் நேராகப் பிளக்கும். வெளிநாட்டுக் குறிப்புகளில் அரை மணித்தியாலம் விடச் சொல்வார்கள். கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று வீசுகிற நாட்களில் மட்டக்களப்புக் குசினியில் அவ்வளவு நேரம் விட்டால் வெட்டக் கட்டி இருக்காது, பத்து நிமிசமே அதிகம். அம்மா இதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “தண்ணிய உறைய வைக்கிறத்துக்கு இவ்வளவு மினக்கேடா மனே?” என்றார். வெட்டிய துண்டு ஒன்றைத் தேசிக்காய்த் தண்ணீரில் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கிளாஸ் வெறுங்கிளாஸ் மாதிரி இருக்கிறது என்றார். அது பாராட்டா இல்லையா என்று இன்றுவரைக்கும் தெரியாது.

எதற்குப் போடலாம் என்று பார்ப்போம். தேசிக்காய், நன்னாரி, சோடா மாதிரி கண்ணுக்குத் தெளிந்த பானம் எல்லாவற்றுக்கும் இது அழகு. சோடாவில் அழகைத் தாண்டி இன்னொரு பலனும் உண்டு. பனி படிந்த சொரசொரப்பான ஐஸில் வாயு உடனே குமிழாகப் பொங்கி வெளியேறும். வழுவழுப்பான கட்டியில், அதுவும் ஒருதரம் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போட்டால், சோடாவின் உறைப்பு கூட நேரம் நிற்கும். செவ்விளநீருக்குப் பெரிய துண்டு ஒன்று போதும், சுவை நீர்த்துப் போகாது. சாராயம் குடிக்கிற நண்பர்களும் இதைத்தான் புகழ்கிறார்கள். பலூடாவுக்கும் ஐஸ் கோப்பிக்கும் இது வீண்வேலை, பாலுக்குள் எந்த ஐஸும் ஒன்றுதான்.

தெளிந்த ஐஸ் மெதுவாகக் கரையும் என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். மெதுவாகக் கரைவதற்குப் பெரும்பங்கு காரணம் கட்டியின் பருமன். அதே எடையைப் பத்துத் துண்டாக்கினால் தண்ணீர் படும் பரப்பு கூடிவிடும், தெளிவாக இருந்தாலும் மளமளவென்று கரைந்துபோகும். குமிழ் இல்லாததால் அதே அளவுக் கட்டியில் ஐஸ் சற்றுக் கூட இருக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு இது சரிவராது. ஒரு நோன்பு மாதத்தில் காத்தான்குடி நண்பனின் வீட்டுக்கு ஒரு கட்டியைக் கொண்டுபோனேன். கசகசா மிதக்கும் சிவப்புச் சர்பத்தில் அது இருந்த அழகைச் சொல்ல வேண்டும், விளக்கு வெளிச்சம் ஊடுருவிப் போனது. ஆனால் வீடு நிறைய ஆட்கள், நோன்பு திறக்கும் வாங்கு (தொழுகை அழைப்பு) சொல்லும் நேரமும் நெருங்கிவிட்டது. “மச்சான், நீ இத வெட்டி முடிக்கிறத்துக்குள்ள வாங்கு சொல்லிரும்” என்று சொல்லிவிட்டு அவன் கடை ஐஸ் பையை உடைத்துக் கொட்டினான். சரிதான்.

கரண்ட் செலவு பெரிதில்லை. 30 பாகையில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரை முழுதாக ஐஸாக்க எடுக்க வேண்டிய வெப்பம் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு; பிரிட்ஜ் தான் குடிக்கும் மின்சாரத்தை விடக் கூடுதலான வெப்பத்தை இறைத்து வெளியேற்றும் என்பதால் மீட்டரில் அதை விடக் குறைவாகவே ஏறும். கரண்ட் இல்லாமல் போவதுதான் தொல்லை. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் இந்த வேலையை நிறுத்திவிட்டேன். பாதி உருகித் திரும்ப உறைந்த கட்டியில் வெள்ளைப் படலம் கோடு கோடாக நிற்கும். அப்போது அதே பெட்டி, மூடியோடு, மீனைப் பழுதாகாமல் வைத்திருந்தது.

வெட்டிய துண்டுகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்கள். திறந்து கிடந்தால் விசிறி உள்ள பிரிட்ஜில் ஐஸ் உருகாமலே ஆவியாகிச் சுருங்கும், மூலையெல்லாம் மழுங்கிவிடும்.

கடையில் விற்கும் உருண்டை அச்சு ஒன்றும் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்தது. குளிர்காப்புப் பெட்டி, உள்ளே அடியில் துளையிட்ட சிலிக்கோன் அச்சு. வெட்டுகிற வேலை இல்லை, உருண்டை நன்றாகத் தெளிந்தே வருகிறது. சிலிக்கோன் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், அடிக்கடி வெந்நீரில் போட வேண்டும். பிரீசரில் பெட்டி பிடிக்கிற இடமும் கிட்டத்தட்ட என் ரெஜிபோம் அளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு நாலு உருண்டைதான் கிடைக்கும், நாங்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆளுக்குத் தட்டு ஐஸ்.