பென்டோனைட்டுக்கு எது பொருத்தம்: சி.டி.ஏ.பி.யா, ட்ரைட்டானா?

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்க பென்டோனைட் களிமண்ணை மாற்றியமைக்கலாம் என்று இறங்கினால், எந்த சர்ஃபாக்டன்டை (தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் கொண்ட, சோப்பு போன்ற பொருளை) போடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். என் முன்னால் இருந்தவை சி.டி.ஏ.பி. (செட்டில்ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு), ட்ரைட்டான் எக்ஸ்-100, எஸ்.டி.எஸ். (சோடியம் டோடெசைல் சல்ஃபேட்) மூன்றும். நான் சி.டி.ஏ.பி.யை எடுத்தேன், இன்றும் அதையே எடுப்பேன். ஆனால் அதை எவ்வளவு போடுகிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்துதான் அது நல்ல தேர்வா, கெட்ட தேர்வா என்பதே முடிவாகும்.

பென்டோனைட்டின் முக்கியக் கனிமம் மான்ட்மோரில்லோனைட். சுமார் 1 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகட்டுக்குள் சில அலுமினியம் இடங்களில் மெக்னீசியம் அமர்ந்திருப்பதால் தகடு முழுக்க எதிர்மின்சுமை. அதை ஈடுகட்டத்தான் சோடியமும் கால்சியமும் இடைவெளியில் தண்ணீரோடு தங்கியிருக்கின்றன. இவற்றைக் கழற்றி வேறு நேர்மின் அயனியை மாட்டலாம். இந்தப் பரிமாற்றத் திறன் பெரும்பாலும் 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லிசமானம் (பரிமாறக்கூடிய மின்சுமையின் அலகு) வரை இருக்கும்.

எஸ்.டி.எஸ்.ஸை உடனே ஒதுக்கிவிடலாம். அதன் தலையும் எதிர்மின், தகடும் எதிர்மின். தகட்டின் ஓரங்களில் கொஞ்சம் ஒட்டும், இடைவெளிக்குள் நுழைவது கஷ்டம்.

ட்ரைட்டான் வேறு ரகம். அதற்கு மின்சுமையே கிடையாது. அதன் எத்திலீன் ஆக்சைடு சங்கிலி இடைவெளியில் இருக்கும் சோடியத்தைச் சுற்றியும் தகட்டுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். எந்த அயனியும் வெளியே போகாது, அடுக்கு மட்டும் விரியும். ஒரு வரிசைத் தண்ணீரோடு 1.25 நானோமீட்டர் அளவில் இருந்த அடுக்கு இடைவெளி (தகட்டின் தடிமனையும் சேர்த்து), இது நுழைந்தபின் 1.7, 1.8 வரை போகும். சோடியம் உள்ளேயே இருப்பதால் களிமண்ணின் பழைய பரிமாற்றக் குணமும் மிஞ்சும்.

சி.டி.ஏ.பி. உள்ளே போனால் நடப்பது இன்னும் சுவாரசியமானது. 16 கார்பன் வாலும் நேர்மின் தலையும் கொண்ட அயனி சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. குறைவாகப் போட்டால் வால்கள் தகட்டின் மேல் ஒற்றை வரிசையாகப் படுத்திருக்கும், அப்போது இடைவெளி 1.4 நானோமீட்டர் வாக்கில். இன்னும் போட்டால் இரட்டை வரிசையாகி 1.8 ஆகும், அதற்கும் மேலே 2.2. அப்புறம் படுக்க இடமில்லாமல் வால்கள் சாய்ந்து நிமிர ஆரம்பிக்கும். எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிர் பாய்ச்சி அடுக்கு இடைவெளியை அளக்கும் சோதனை; இடைவெளி விரிந்தால் சிகரத்தின் கோணம் குறையும்) 7 டிகிரி பக்கம் இருந்த சிகரம் 5க்கும் 4க்கும் இறங்கிவருவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை இந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இடைவெளி எவ்வளவு விரிந்தது என்பதை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். என் முடிவைத் தீர்மானித்தது, போட்ட சர்ஃபாக்டன்ட் களிமண்ணிலேயே தங்குகிறதா என்பதுதான். சாயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோப்பை விட்டுவிட்டு வந்தால் என்ன பயன்? சி.டி.ஏ.பி. நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதையும் மறக்கக்கூடாது.

இங்கேதான் சிக்கல். பரிமாற்றத் திறனுக்குச் சமமான அளவு வரை போகும் சி.டி.ஏ.பி. பெரும்பாலும் தகட்டின் மின்சுமையோடு பிணைந்துவிடுகிறது, வெறும் தண்ணீர் அதை லேசில் பெயர்க்காது. அந்த அளவைத் தாண்டிப் போடுவது, ஏற்கெனவே இருக்கும் வால்களோடு தன் வாலை ஒட்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, கூடவே புரோமைடையும் கூட்டிக்கொண்டு நிற்கும். இந்த வெளி அடுக்குதான் களிமண் பரப்பை எதிர்மின்னிலிருந்து நேர்மின்னாகப் புரட்டுகிறது. திருப்பூரில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அவை எதிர்மின். அவற்றைப் பிடித்து இழுப்பதும் இதே வெளி அடுக்குதான். அதாவது, வேலை செய்யும் பகுதியும் கழன்று போகும் பகுதியும் ஒன்றே. இருமடங்கு போட்டுவிட்டு முதல் சோதனையில் சாயம் அள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து மயங்குவது எளிது. நன்றாகக் கழுவியபின் அதே களிமண்ணைத் திரும்பச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

அதனால் என் கணக்கு, பரிமாற்றத் திறனுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ போடுவது, இருமடங்குக்குப் போகவே போகாதது. 100 கிராமுக்கு 90 மில்லிசமானம் உள்ள களிமண் என்றால் 10 கிராமுக்கு சுமார் 3.3 கிராம் சி.டி.ஏ.பி. பையில் அச்சடித்த எண்ணை நம்பாமல் மெத்திலீன் நீலத்தை வைத்துப் பரிமாற்றத் திறனை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் சி.டி.ஏ.பி. சரியாகக் கரையாது, 60 டிகிரி வாக்கில் சூடான நீரில் கரைத்துச் சேர்க்கவும். கழுவும் நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெளிர்மஞ்சளாகக் கலங்குவது நிற்கும் வரை கழுவவும். இந்தச் சோதனை புரோமைடைத்தான் காட்டும், சர்ஃபாக்டன்டை நேரடியாகக் காட்டாது. ஆகவே குலுக்கி நுரை வருகிறதா என்றும் பாருங்கள். வால் நீளத்திலும் சிக்கனம் வேண்டாம். 12 கார்பன் வகையைவிட 16 கார்பன் வகை பரப்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

ரியாக்டிவ் சாயத்துக்கு ட்ரைட்டான் போட்டியிலேயே இல்லை, ஏனென்றால் அது பரப்பின் மின்சுமையைப் புரட்டுவதில்லை. மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின் சாயம்தான் பிரச்சினை என்றால் இரண்டுமே தேவையில்லை, சோடியம் பென்டோனைட்டே தாராளம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்ததெல்லாம் குடுவையில் வைத்துக் குலுக்கிய சோதனைகள், சுத்தமான நீரில் கரைத்த சாயம். சாயப்பட்டறைக் கழிவுநீரில் உப்பு ஏராளம். சோடியம் சல்ஃபேட் போட்டுச் சாயமேற்றியிருந்தால், அதே நேர்மின் இடங்களுக்கு சல்ஃபேட்டும் போட்டி போடும். அங்கே இந்த அளவு சாயம் பிடிக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கோடு கலக்கும் வேலை என்றால் கேள்வியே வேறு. அம்மோனியம் வகைகள் 200 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்குகின்றன, நைலான்-6 உருகுவதே 220 டிகிரி வாக்கில். அங்கே அதிக வெப்பம் தாங்கும் பாஸ்போனியம் வகைகளைத்தான் பார்க்க வேண்டும். அதில் எனக்குக் கை அனுபவம் போதாது.

ட்ரைட்டானுக்கும் ஒரு இடம் உண்டு. ஒரே தண்ணீரில் உலோக அயனியும் எண்ணெய்த்தன்மையுள்ள கரிமப் பொருளும் சேர்ந்திருந்தால், சோடியத்தைத் தக்கவைக்கும் அந்த அமைப்பு உதவும். ஆனால் அது ஆக்டைல்ஃபீனால் வகையைச் சேர்ந்தது. 2021 ஜனவரிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதியோ விலக்கோ இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. அந்த வழியில் போகிறவர்கள் ப்ரிஜ் போன்ற ஆல்கஹால் எத்தாக்சிலேட்டுகளில் தொடங்குங்கள்.