மெத்தட் தேடலை எங்கே நினைவில் வைப்பது?

சொந்தமாக ஒரு மொழிக்கு கம்பைலர் எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் `வடிவம்.பரப்பு()` மாதிரி ஒரு வரியில் வந்து நிற்பார்கள். வடிவம் என்பது வட்டமா செவ்வகமா என்று கம்பைல் செய்யும்போது தெரியாது. ஓடும்போதுதான் அந்த ஆப்ஜெக்டின் கிளாஸைப் பார்த்து, அதில் பரப்பு என்ற மெத்தட் இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் தாய் கிளாஸ், அதற்கும் தாய் என்று ஏறிப் போக வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. பத்து லட்சம் தடவை சுற்றுகிற லூப்புக்குள் இதே ஏற்றம் என்றால் நேரமெல்லாம் தேடலிலேயே கரைந்துவிடும்.

சி++ இதை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு மெத்தட் அட்டவணை. அதில் பரப்புக்கு எத்தனையாவது இடம் என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். ஆப்ஜெக்டிலிருந்து அட்டவணைக்கு, அட்டவணையிலிருந்து மெத்தடுக்கு, வேலை முடிந்தது. ஆனால் கிளாஸின் அமைப்பு முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளாஸில் புது மெத்தட் சேர்க்க விடுகிற ஸ்மால்டாக், ரூபி, பைத்தான் போன்ற மொழிகளுக்கு இது சரிப்படாது. அங்கே தேடித்தான் ஆக வேண்டும். கிடைத்த விடையை எங்கே குறித்து வைப்பது என்பதுதான் கேள்வி.

எளிய வழி, நிரல் முழுவதற்கும் ஒரே கேஷ், அதாவது கிடைத்த விடைகளைக் குறித்து வைக்கும் இடம். கிளாஸும் மெத்தட் பெயரும் சேர்ந்து சாவி, மெத்தடின் முகவரி விடை. பைத்தானின் வழக்கமான செயலாக்கமான சிபைத்தானில் இப்படி 4096 இடங்கள் கொண்ட ஒரு பொது கேஷ் இருக்கிறது. ஒரு மாலையில் எழுதி முடித்துவிடலாம். குறை என்னவென்றால், கேஷில் விடை இருந்தாலும் ஒவ்வொரு அழைப்புக்கும் சாவியிலிருந்து ஹாஷ் (கேஷில் எந்த இடம் என்று காட்டும் எண்) கணக்கிட்டு, சாவியை ஒப்பிட்டு, அப்புறம்தான் தாவ முடியும். இரண்டு சாவிகள் ஒரே இடத்தில் விழுந்தால் ஒன்றை ஒன்று தள்ளிவிடும்.

அப்ஜெக்டிவ்-சி இதையே கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனி கேஷ் கொடுத்தது. எல்லா அழைப்பும் அசெம்பிளியில் எழுதிய ஒரே ஒரு அனுப்பும் ரொட்டீன் வழியாகப் போகும். ரெஜிஸ்டர்களில் இருக்கும் ஆர்க்யுமென்ட்களைக் கலைக்காமல் அப்படியே மெத்தடுக்குக் கடத்த வேண்டும் என்பதால்தான் அசெம்பிளி. இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பே கம்பைல் ஆகி, கையொப்பமிடப்பட்டு, பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோடுக்குள் (code) ஓடும்போது போய்த் திருத்தம் செய்ய முடியாது. மாறக்கூடிய தகவலைக் கிளாஸோடு வைப்பதுதான் அந்தச் சூழலுக்குப் பொருந்துகிற வழி.

மூன்றாவது வழி இன்லைன் கேஷ். 1984-இல் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80க்காகக் கொடுத்தது. ஓர் அழைப்பு வரிக்கு முதல் தடவை வட்டம் வந்தால், அடுத்த தடவையும் வட்டமே வரும் என்பது பெரும்பாலும் உண்மை. ஏறத்தாழ 95 சதவீதம் அப்படித்தான் என்று அவர்கள் கண்டார்கள். அதனால் விடையை அழைக்கும் இடத்திலேயே எழுதி வைத்தார்கள். முதலில் அங்கே மெத்தடை அழைக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் தேடும் ரொட்டீனைக் காட்டும். தேடல் முடிந்ததும் அந்த இன்ஸ்ட்ரக்ஷனையே மாற்றி எழுதி, வட்டத்தின் பரப்புக்கு நேராகத் திருப்பிவிடுவார்கள். வட்டம் என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கும். அடுத்த முறை மெத்தடின் வாசலில் ஒரே ஒரு சோதனை: வந்திருப்பது வட்டம்தானா? ஆம் என்றால் உள்ளே. ஹாஷும் இல்லை, அட்டவணையும் இல்லை.

இப்போது இதே வரியை ஒரு லூப்பில் வைத்து, வட்டம், செவ்வகம், வட்டம், செவ்வகம் என்று மாறி மாறி வரும் பட்டியலை ஊட்டிப் பாருங்கள். வட்டத்தைக் குறித்து வைத்த கையோடு செவ்வகம் வருகிறது: தேடல், மாற்றி எழுதுதல். உடனே வட்டம்: மறுபடி தேடல், மறுபடி மாற்றி எழுதுதல். ஒரு தடவைகூடப் பொருந்தாது. கோடை மாற்றி எழுதினால் பிராசஸரின் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷும் பாதிக்கப்படுவதால், பொது கேஷை விட இது மோசமாகப் போகலாம்.

இதற்குத்தான் 1991-இல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், அங்கர் மூவரும் செல்ஃப் மொழிக்காக பாலிமார்ஃபிக் இன்லைன் கேஷைக் கொண்டுவந்தார்கள். குறிப்பு ஒன்றல்ல, சில. வட்டமா, அங்கே போ; செவ்வகமா, இங்கே போ; இரண்டும் இல்லையென்றால் தேடு. அவர்கள் அளந்த நிரல்களில் இதனால் மட்டும் கிடைத்த இடைநிலை (மீடியன்) வேக உயர்வு 11 சதவீதம். எனக்குப் பிடித்தது அடுத்த எண். கேஷில் சேர்ந்த கிளாஸ் பட்டியலை கம்பைலருக்குக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்தபோது அது 27 சதவீதம் ஆனது. அந்த வரிக்கு எந்தெந்த கிளாஸ் வருகிறது என்று தெரிந்துவிட்டால், அழைப்பையே எடுத்துவிட்டு மெத்தடின் உடலை அங்கேயே விரித்துவிடலாம். பொது கேஷால் இதைச் செய்யவே முடியாது. எந்த வரி கேட்டது என்று அதற்குத் தெரியாது. ஜேஐடி (நிரல் ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் கம்பைலர்) எழுதும் எண்ணம் துளியாவது இருந்தால், அழைக்கும் இடத்தில் வைக்கிற கேஷ் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

பட்டியல் நீண்டுகொண்டே போனால் வரிசையான சோதனைகளே சுமையாகிவிடும். குரோம் பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8 நான்கு குறிப்புகளோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் போன இடத்தை மெகாமார்ஃபிக் என்று குறித்து பொது கேஷுக்கு அனுப்பிவிடுகிறது. ஆக, பின்னால் ஒரு கேஷ் எப்படியும் வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, விடை பழசாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதியில் யாராவது பரப்பைத் திருத்தி எழுதினால், குறித்து வைத்த முகவரி தவறாகிவிடும். 2.1க்கு முந்தைய ரூபியில் நிரல் முழுவதற்கும் ஒரே பதிப்பு எண். எங்கோ ஒரு மூலையில் ஒரு மெத்தட் சேர்ந்தாலும் எண் மாறும், எல்லா இன்லைன் கேஷும் ஒரே அடியில் செல்லாமல் போகும். ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓர் ஆப்ஜெக்டை எக்ஸ்டெண்ட் செய்கிற (அதற்கு மட்டும் புது மெத்தட்கள் சேர்க்கிற) செயலியில் கேஷ் சூடேறவே வழியில்லை. 2013 டிசம்பரில் வந்த 2.1, மாறிய கிளாஸையும் அதன் வாரிசுகளையும் மட்டும் செல்லாததாக்கியது. 2020-இல் வந்த 3.0, பொது கேஷையே எடுத்துவிட்டு கிளாஸ்தோறும் ஒரு கேஷ் வைத்தது. பைத்தான் 3.11-உம் கிளாஸின் பதிப்பு எண்ணைத்தான் பைட்கோடுக்குள் இருக்கும் இன்லைன் கேஷில் எழுதி வைத்து ஒப்பிடுகிறது.

அதனால் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது: முதலில் கிளாஸுக்குப் பதிப்பு எண் கொடுங்கள். அடுத்து கிளாஸோடு ஒரு கேஷ். அப்புறம் அழைக்கும் இடத்தில் ஒரே குறிப்புள்ள இன்லைன் கேஷ்; அதை கோடில் எழுதாமல், பக்கத்தில் ஒரு டேட்டா இடத்தில் வையுங்கள். பல குறிப்புகள் வேண்டுமா என்பதை ஒவ்வொரு அழைப்பிடத்திலும் கேஷ் எத்தனை முறை பொருந்தாமல் போகிறது என்று எண்ணும் ஒரு கவுண்டர் வைத்து, உங்கள் நிரல்களையே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.