வெயிலே படாத ஒரு ரூட்: ஓப்பன்பிவிஇ-யில் வாட்டர்லூ அண்ட் சிட்டி லைன் கட்டிய அனுபவம்

கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரில் சொந்தமாக ரூட், அதாவது ரயில் ஓடும் பாதை, கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மலைப்பாதையிலோ கடற்கரையோரமோதான் தொடங்குவார்கள். ஓப்பன்பிவிஇ என்ற இலவச சிமுலேட்டரில் நான் தொடங்கியது ஒரு குழாய்க்குள். லண்டனின் வாட்டர்லூ அண்ட் சிட்டி லைன். இரண்டே ஸ்டேஷன், 2.37 கிலோமீட்டர், ஏறி உட்கார்ந்தால் நான்கு நிமிஷத்தில் இறங்கிவிடலாம். 1898-இல் திறந்த பாதை. லண்டன் அண்டர்கிரவுண்டில் டிப்போ உட்பட எல்லாமே தரைக்கடியில் இருக்கிற லைன் இது ஒன்றுதான். ரயில் பெட்டியை உள்ளே இறக்கவோ வெளியே எடுக்கவோ கிரேன் வேண்டும்.

வேலை நிமித்தமாக 2018 முதல் லண்டனில் ஒன்றரை வருடம் இருந்தேன். தினமும் காலையில் இந்த லைனில்தான் வாட்டர்லூவிலிருந்து பேங்க் போவேன். ஞாயிற்றுக்கிழமை ஓடாது. அலுவலகம் போகிறவர்களுக்காகவே உள்ள ரயில் என்பதால் ஒருத்தரும் பேசமாட்டார்கள். சத்தம் முழுக்க சக்கரமும் தண்டவாளமும் போடுவது. அந்தச் சத்தம் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் காதைவிட்டுப் போகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் அந்த லைனை மூடினார்கள். மறுபடி திறந்தது 2021 ஜூனில். அந்த இடைவெளியில்தான், சென்னையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இதைக் கட்ட உட்கார்ந்தேன். இன்றைக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எதற்கு ஓப்பன்பிவிஇ என்று கேட்பவர்களுக்கு: நிலத்தடிப் பாதைக்கு இதைவிடத் தோதான இலவச மென்பொருளை நான் பார்க்கவில்லை. ஜப்பானில் மேக்கோய் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் உருவாக்கிய பிவிஇ என்ற ரயில் சிமுலேட்டரின் வழியில் வந்தது இது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மற்ற பெரிய சிமுலேட்டர்களில் முதலில் பூமி இருக்கும். சுரங்கம் வேண்டுமென்றால் அந்தப் பூமியில் ஓட்டை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்டவாளத்துக்கு மேலே மண்ணைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஓப்பன்பிவிஇ-யில் நீங்கள் வைத்தால்தான் பூமி. வைக்காவிட்டால் வெறும் இருட்டு. தரைப் பொருளுக்குக் காலியான ஒரு ஃபைலைக் கொடுத்துவிட்டால் போதும், மண் தொல்லை அதோடு தீர்ந்தது.

இன்னொன்று, ரூட் முழுவதும் எழுத்துதான். சிஎஸ்வி என்கிற சாதாரண எழுத்து ஃபைலை நோட்பேடில் திறந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனையாவது மீட்டர் என்று எண் போட்டு, அங்கே என்ன வேண்டுமோ எழுத வேண்டும். 600 என்று போட்டு வளைவின் ஆரம், 850 என்று போட்டு வளைவு முடிவு, 900-இல் சரிவு. மவுஸால் இழுத்து வைக்கிற வேலையே கிடையாது. இது எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கு ஒத்துவந்தது. ஸ்டாம்ஃபோர்ட் ஸ்ட்ரீட்டின் கீழே போய், பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்துக்குச் சற்று மேற்கே தேம்ஸ் நதியைக் கடந்து, குயின் விக்டோரியா ஸ்ட்ரீட்டின் கீழே பேங்க் வரை போகிற கோட்டை வரைபடத்தில் அளந்து அளந்து எண்களாக மாற்றியதில் இரண்டு மாதம் போனது. அவ்வளவு சந்தோஷமான இரண்டு மாதம் எனக்குச் சமீபத்தில் வாய்த்ததில்லை.

சுரங்கம் என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். மரம் கிடையாது, வீடு கிடையாது, வானம் கிடையாது. ஒரே ஒரு குழாய்த் துண்டைச் செய்து நூறு தடவை அடுக்கினால் முடிந்தது கதை என்ற கணக்கு. முதல் வளைவிலேயே அது உடைந்தது.

ஓப்பன்பிவிஇ பாதையை 25 மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ரயில் வளைந்து போனாலும், சுவர் என்று நாம் வைக்கிற ஒவ்வொரு துண்டும் நேரானதுதான். வெட்டவெளியில் இது கண்ணுக்கே தெரியாது. குழாய்க்குள் நிலைமை வேறு. 120 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 12 டிகிரி திரும்பும். குழாயின் விட்டம் 3.7 மீட்டர் என்றால், வெளிப்பக்கச் சுவரில் 39 சென்டிமீட்டருக்கு ஆப்பு வடிவத்தில் ஒரு பிளவு விழும். அதன் வழியாகப் பின்னணிப் படத்தின் நீல வானம் எட்டிப் பார்க்கும். தேம்ஸ் நதிக்கு அடியில், மண்ணுக்குள், நீல வானம். அதைப் பார்த்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஒவ்வொரு துண்டையும் ஒரு மீட்டர் கூடுதல் நீளமாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் மூடிக்கொண்டது. உள்பக்கம் இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று தின்று மினுமினுக்க ஆரம்பித்தன. கடைசியில் ரூட்டின் ஆரம்பத்திலேயே துண்டு நீளத்தை 5 மீட்டர் என்று அறிவித்து, குழாயையும் 5 மீட்டராகச் செய்து வைத்தேன். பிளவு 8 சென்டிமீட்டருக்குள் அடங்கியது. அதற்குப் பின்னால் கறுப்பாக, சற்றுப் பெரிய இன்னொரு குழாயைப் போர்த்தினேன். வானம் மறைந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த முடிவை முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள். பாதி கட்டிய பிறகு துண்டு நீளத்தை மாற்றினால் சுவர், தண்டவாளம், பிளாட்பாரம் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு மூன்று மாதம் ஆனது.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது வேறொன்று பிடிபட்டது. பேங்க் ஸ்டேஷனின் சென்ட்ரல் லைன் பிளாட்பாரம் நன்றாக வளைந்தது. ரயில் பெட்டி நேரானது. நேரான பெட்டி வளைந்த பிளாட்பாரத்தை உரசி நிற்கும்போது நடுவே ஒரு சந்து விழத்தான் செய்யும். 1968-இலிருந்து லண்டன் முழுக்க ஒலிக்கும் 'மைண்ட் தி கேப்' (இடைவெளியைக் கவனியுங்கள்) அறிவிப்புக்கு இருக்கிற காரணமும், என் சுவரில் வானம் தெரிந்ததற்கு இருக்கிற காரணமும் ஒரே வடிவக்கணிதம்.

அடுத்து வெளிச்சம். இந்த மென்பொருளில் நான் விளக்கு என்று வைப்பது எதன் மேலும் ஒளி வீசாது. விளக்கின் முகப்புக்குத் தானே ஒளிரும் நிறம் கொடுக்கலாம், அவ்வளவுதான். பக்கத்துச் சுவர் பழையபடி இருட்டாகவே நிற்கும். ஆகவே ஒளி சுவரில் பட்டுப் பரவுவதை, சுவர்மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படத்திலேயே வரைய வேண்டும். விளக்குள்ள துண்டு, விளக்கில்லாத துண்டு, விளக்கை நெருங்குகிற துண்டு என்று தனித்தனியாக. வாட்டர்லூ அண்ட் சிட்டியில் ஒரு வசதி இருக்கிறது. வெயிலே இல்லாததால் ரூட் முழுவதற்குமான பொது வெளிச்சத்தைக் கீழே இறக்கிவைத்துவிடலாம். பாதிப் பாதை மேலே, பாதிப் பாதை கீழே என்றிருக்கும் லைன்களைக் கட்டுகிறவர்களுக்கு இது வாய்க்காது. ரயிலின் முன்விளக்கும் சுவரை வெளிச்சமாக்காது என்பதால், கறுப்பு நிறத்தில் மூடுபனி போட்டேன். அறுபது மீட்டர் வரை தெரிந்து, பிறகு மெதுவாக இருட்டில் கரையும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் முன்விளக்கு வெளிச்சம் போலவே இருக்கும்.

சுவரில் வார்ப்பிரும்பு வளையங்கள் வரிசையாக வரும். என் டெக்ஸ்சரில் ஒரு வளையம் அரை மீட்டர் அகலம். எல்லாம் ஒரே மாதிரி, சுத்தமாக வரைந்திருந்தேன். பழைய லேப்டாப்பில் நொடிக்கு 30 படம்தான் வரும். ரயிலை மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோனேன். சுவர் நின்றுவிட்டது. வேகமானி 54 காட்டுகிறது, சக்கரம் சத்தம் போடுகிறது, சுவர் மட்டும் அசையவில்லை. யோசித்தால் காரணம் எளிது: அந்த வேகத்தில் நொடிக்கு 15 மீட்டர், அதாவது 30 வளையம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் சரியாக ஒரு வளையம் தள்ளுகிறது. இன்னும் கொஞ்சம் வேகம் குறைத்தால் வளையங்கள் பின்னோக்கி ஓடின. இதைச் சரிசெய்ய, சுவரை அழுக்காக்கினேன். ஒரு வளையத்தில் துரு, இன்னொன்றில் நீர்க்கசிவு, கேபிளைத் தாங்கும் கொக்கிகள் ஒழுங்கில்லாத இடைவெளியில், எங்கோ ஓரிடத்தில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண். உண்மையான டன்னலுக்கு எது அடையாளமோ அதுவேதான் கண்ணை ஏமாறாமல் காப்பாற்றியது.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். லண்டனில் நான்கு தண்டவாளம். ஓடுவதற்கு இரண்டு, வெளிப்பக்கம் மின்சாரத்தின் பாசிட்டிவ் முனைக்கு ஒன்று, நடுவில் நெகட்டிவ் முனைக்கு ஒன்று. நடு ரெயிலைக் குறுக்குக்கட்டையில் ஒட்டி வைத்துவிடாதீர்கள். பீங்கான் இன்சுலேட்டர் மேல் அது உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

சரிவுகளைப் பழகுவதற்காகச் சென்ட்ரல் லைனின் ஒரு பகுதியையும் தனியாகச் செய்தேன். 1900-இல் திறந்த அந்த லைனில் ஸ்டேஷன்களை மேட்டின் உச்சியில் வைத்தார்கள். நுழையும்போது 60-க்கு 1 ஏற்றம், வெளியேறும்போது 30-க்கு 1 இறக்கம். ஏற்றம் பிரேக்குக்கு உதவும், இறக்கம் மோட்டாருக்கு உதவும். படித்தபோது சரி என்று தலையாட்டினேன். சரிவை ஆயிரத்துக்கு 16.7 என்றும் 33.3 என்றும் எழுதிவிட்டு ஓட்டிப் பார்த்தபோதுதான் கைக்குப் புரிந்தது. பவரை விட்டதும் ரயில் தானாகவே தளர்ந்து பிளாட்பாரத்துக்குள் வருகிறது.

சத்தம்தான் இன்றுவரை எனக்குக் குறை. ஓப்பன்பிவிஇ-யில் ஓட்டச் சத்தம் ரூட்டோடு வருவதில்லை, ரயிலோடு வருகிறது. இந்தத் தண்டவாளத்துக்கு இத்தனையாவது சத்தம் என்று எண் மட்டும்தான் ரூட்டில் சொல்ல முடியும். அந்த ரயிலைச் சிமுலேட்டருக்காக உருவாக்கியவர் டன்னல் சத்தம் வைக்காமல் விட்டிருந்தால், என் குழாய்க்குள் வெட்டவெளியின் சத்தம் கேட்கும். கண்ணுக்கு எவ்வளவு உழைத்தாலும் காது நம்பாது. ரூட்டையும் ரயிலையும் சேர்த்தே செய்யத் தயாராக இருந்தால் மட்டும் நிலத்தடிப் பாதையில் இறங்குங்கள் என்பது என் கருத்து. டன்னல் சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்பதற்காகவே வண்ணாரப்பேட்டையிலிருந்து ஏஜி-டிஎம்எஸ் வரை மெட்ரோவில் பல தடவை போய்வந்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குள் நுழையும் கணத்தில் இறுகிப் போயிருந்த சத்தம் சட்டென்று அகலமாகும். அந்த ஒரு நொடியைப் பிடிக்கத் தண்டவாள வகையைப் பிளாட்பார விளிம்பிலேயே மாற்ற வேண்டும், பத்து மீட்டர் தள்ளினால்கூடப் பொய்யாகத் தெரியும்.

2022 மழைக்காலத்தில் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடையில் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை. டெக்ஸ்சர், குழாய்கள், பேங்க்கில் 1960-இலிருந்து இருக்கிற நகரும் நடைபாதைக்கு நான் செய்த மாதிரி, எல்லாம் போனது. ஆனால் ரூட் ஃபைல் வெறும் எழுத்து என்பதால் அவ்வப்போது எனக்கே மெயில் அனுப்பி வைத்திருந்தேன். வளைவும் சரிவும் தூரமும் ஒன்றுவிடாமல் அப்படியே கிடைத்தன. உடம்பு போய் எலும்பு மட்டும் மிஞ்சிய மாதிரி. அதன் மேல் திரும்பக் கட்டியதுதான் இப்போது ஓடுவது. இரண்டாவது தடவை சுவர்கள் இன்னும் நன்றாக வந்தன.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் நண்பன் ஒருவன், லைன் மறுபடி திறந்த பிறகு, முன்பெட்டியில் நின்று நான்கு நிமிஷத்தையும் போனில் பதிவுசெய்து அனுப்பினான். அதை வைத்துத்தான் சத்தங்களைத் திருத்தினேன். போன மாதம் ரூட்டை அவனுக்கு அனுப்பினேன். ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"எல்லாம் சரியா இருக்குடா. வாட்டர்லூவை விட்டதும் ஒரு வளைவு வருதுல்ல, அங்க உடம்பு இன்னும் கொஞ்சம் சாயணும். தினமும் நின்னுக்கிட்டே போறவன் சொல்றேன்."

ஃபைலைத் திறந்தேன். அந்த வளைவுக்கு ஆரம் எழுதியிருந்தேன், பக்கத்தில் தண்டவாளச் சாய்மானத்துக்கான எண்ணைப் போடவே இல்லை. ஒரு அரைப்புள்ளி, பிறகு 50. ரூட் வியூவரில் மறுபடி ஏற்ற எஃப்5 அழுத்தினேன்.