நாலு சின்னதா, ஒரு பெரியதா? கைவேலைக் காற்றாலைக்கு எத்தனை சுழலி வைக்கலாம்

பினாங்கின் தெலுக் கும்பாரில் மாமாவின் ஆட்டுக்கொட்டகை கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு மின்சாரம் உண்டு, கொட்டகைக்கு இழுக்கவில்லை. 100 வாட் சோலார் பலகை ஒன்று, 24 வோல்ட்டுக்குப் பேட்டரி, எல்இடி விளக்குகள், அவ்வளவுதான். தொடர்ந்து நாலு நாள் மழை பிடித்தால் பேட்டரி நடுராத்திரியில் கையை விரித்துவிடும். அதைச் சாக்காக வைத்துத்தான் காற்றாலை கட்டக் கிளம்பினேன். முதலில் 2 மீட்டர் விட்டத்தில் ஒற்றைச் சுழலி கட்டினேன். இப்போது நிற்பது 1 மீட்டர் சுழலிகள் நான்கு, ஒரே சட்டத்தில். ஒரே தண்டில் வரிசையாகச் சுழலிகளைக் கோப்பது என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை பாலிக் பூலாவில் ஒரு நண்பர் செய்து பார்த்தார், நான் கூடமாட நின்றதோடு சரி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கில் உங்களுக்கு வேண்டியது மின்சாரம் மட்டும்தான் என்றால் இன்னொரு சோலார் பலகை வாங்குங்கள், கதை முடிந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கத்துக்குச் சரி. இங்கே ஆடியில் அம்மி அசையாது, அப்பளம் பறந்தாலே பெரிய விஷயம். நம் மேற்குக் கரையில் சராசரிக் காற்று வினாடிக்கு 2, 3 மீட்டர்தான். கடற்காற்று நன்றாக வீசும் மாலையில் 4, 5 வரும். மற்றபடி, விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடித்துவிட்டுப் போகும் புயல்காற்று இருக்கிறதே, அது தருவதைவிட உடைப்பதுதான் அதிகம். இதெல்லாம் தெரிந்தும் கட்டியே தீருவேன் என்கிறவர்களுக்குத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

எத்தனை சுழலி என்பதைவிட எவ்வளவு பரப்பு என்பதுதான் முதல் கணக்கு. 2 மீட்டர் சுழலி துழாவும் வட்டம் 3.14 சதுர மீட்டர். 1 மீட்டர் சுழலி நான்கின் வட்டங்களைக் கூட்டினாலும் அதே 3.14. வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் அந்தப் பரப்பைக் கடந்து போவது ஏறக்குறைய 120 வாட். அதில் எந்தக் கொம்பனாலும் 59 சதவீதத்துக்கு மேல் பிடுங்க முடியாது. நூறு வருடத்துக்கு முன்பே பெட்ஸ் என்கிற ஜெர்மானியர் போட்டு வைத்த கணக்கு அது. கைவேலைச் சுழலி 30 சதவீதம் பிடித்தால் தட்டிக்கொடுக்கலாம். ஆகக் கிடைப்பது 36 வாட். காற்று 3 மீட்டருக்கு இறங்கினால் 15 வாட். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப சக்தி மாறுவதால் ஒரு மீட்டர் வேகம் குறைந்தாலே பாதிக்கு மேல் போய்விடுகிறது. நாலு சுழலி வைத்தால் நாலு மடங்கு மின்சாரம் வரும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள்.

பிறகு ஏன் நாலு? எடையும் வேகமும் முதல் காரணம். அதே வடிவத்தில், அதே பொருளில் இறக்கையின் நீளத்தைப் பாதியாக்கினால் எடை எட்டில் ஒரு பங்காகிறது. நாலு சுழலியின் இறக்கைகளை மொத்தமாக நிறுத்தாலும் பெரிய சுழலியின் பாதிதான். 4 மீட்டர் காற்றில் 2 மீட்டர் சுழலி நிமிடத்துக்கு 230 சுற்றுப் போடும் நேரத்தில் 1 மீட்டர் சுழலி 460 சுற்றுப் போடும். அந்த வேகம் இருந்தால் செம்புக்கம்பி சுற்றி ஜெனரேட்டரை நாமே செய்ய வேண்டியதில்லை, கிடைக்கிற மோட்டாரையே ஜெனரேட்டராக ஓட்டலாம்.

என் முதல் காற்றாலையின் ஜெனரேட்டரை நானே செய்தேன். இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்குப் 12 நியோடைமியம் காந்தம், நடுவில் பிசினில் வார்த்த 9 செம்புச் சுருள். காந்தத்துக்கும் பிசினுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கையால் சுற்றினால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மேசைமேல் வைத்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுற்றிக் காட்டினேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒன்பதாவது மாதம் மாமா போன் பண்ணினார்.

"மருமகனே, உன் காத்தாடி மாவு அரைக்குது."

நிஜமாகவே அரைத்துக்கொண்டிருந்தது. நியோடைமியம் காந்தத்துக்கு மேலே நிக்கல் பூச்சு இருக்கும். உப்புக்காற்றில் அது ஒரு முனையில் பெயர்ந்தால் உள்ளே துரு ஏறி, காந்தம் பொரியைப் போல உப்ப ஆரம்பிக்கும். இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். உப்பிய காந்தம் பிசினை உரசி, பிசினைத் தாண்டிச் செம்பை உரசி, மூன்று சுருள்களைத் தின்றுவிட்டது. வாலை மடக்கும் கீலும் துருவில் இறுகியிருந்தது. காற்று மிஞ்சினால் சுழலியைப் பக்கவாட்டில் திருப்பிக் காப்பாற்ற வேண்டியது அந்தக் கீல்தான். அடுத்து வந்த புயல்காற்றில் அது மடங்கவில்லை. இறக்கை ஒன்று வளைந்து கம்பத்தில் மோதித் தெறித்தது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் தகரக் கூரையில் ஒரு கிழிசல், இன்றைக்கும் சிலிக்கான் அடைப்போடு இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த உடைசல் இல்லை, அதைச் சரிசெய்யப் பட்ட பாடு. தலைப்பகுதி மட்டும் 35 கிலோ. கம்பத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் நாலு பேர் வேண்டும்: இழுவைக் கம்பியில் ஆளுக்கொரு பக்கம் இருவர், வின்ச்சில் ஒருவர், சாயும்போது தலையைப் பிடிக்க ஒருவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட்டு வேலை பார்க்கும் எனக்கும் மச்சானுக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைப்பதே அபூர்வம். பக்கத்து வீட்டு பாக் சிக்கையும் கூப்பிட வேண்டும். மூன்று வாரம் காத்திருந்து இறக்கினோம். அந்த மூன்று வாரமும் ஒரு வாட் கூட வரவில்லை. சுருளைத் திரும்பச் சுற்றி, பிசின் வார்த்து, காந்தம் தருவித்து மேலே ஏற்றுவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அப்புறம் ஐந்து மாதம்தான் ஓடியிருக்கும், மறுபடியும் அதே மாவு அரைப்பு.

ஒற்றைச் சுழலியில் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டது. உதிரி வைத்துக்கொள்வதற்கும் வழியில்லை. இரண்டாவது ஜெனரேட்டர் சுற்றி அலமாரியில் வைப்பதும் இரண்டாவது காற்றாலை கட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது நிற்பதைப் பாருங்கள். பழைய ஹோவர்போர்டுகளில் (நின்றபடி ஓட்டும் இரண்டு சக்கரப் பலகை) இருந்து கழற்றிய சக்கர மோட்டார் நான்கு. பழைய சாமான் கடையில் எல்லாம் சேர்த்து 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. ரப்பர் டயரை அறுத்துவிட்டால் உள்ளே வழவழப்பான ஒரு டப்பா. அச்சு அசையாது, வெளி ஓடுதான் சுற்றும். அதனால் மூடியின் திருகாணித் துளைகளிலேயே ஓர் அலுமினியத் தட்டைப் பிடித்து இறக்கைகளை மாட்டிவிடலாம். அச்சின் ஓட்டை வழியாக மூன்று தடித்த கம்பியும் ஐந்து மெல்லிய கம்பியும் வெளியே வரும். மெல்லியவை ஹோவர்போர்டுக்கான சென்சார், நமக்கு வேண்டாம். வெட்டி டேப் சுற்றிவிட்டேன். இறக்கை, 6 அங்குல பிவிசி பைப்பை நெடுக்குவாக்கில் அறுத்துத் தேய்த்தது.

ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தைப் பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக்கும் டயோடு அடுக்கு) வைத்தாக வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கின் வேகமும் ஒன்றாக இருக்காது. தனித்தனியாக டயோடு இருந்தால் மெதுவாகச் சுற்றுவது சும்மா இருக்கும், வேகமாகச் சுற்றுவது பேட்டரிக்கு ஊட்டும், ஒன்றையொன்று இழுக்காது. ரெக்டிஃபையர்களைச் சட்டத்திலேயே ஒரு டப்பாவுக்குள் அடைத்துவிட்டால் பன்னிரண்டு கம்பிக்குப் பதிலாக இரண்டே கம்பி கீழே இறங்கும். டயோடுகள் ஒன்றரை வோல்ட் அளவுக்கு விழுங்கும். 12 வோல்ட்டில் அது பத்து சதவீதத்துக்கு மேல், 24 வோல்ட்டில் அதில் பாதி. பேட்டரி நிறைந்தால் மிச்சத்தை இரண்டு லோரி விளக்குகள் எரித்துத் தீர்க்கும்.

நிறுத்துவதற்கு அந்த இரண்டு கம்பியையும் ஷார்ட் செய்தால் போதும், நான்கும் ஊர்ந்துகொண்டு அடங்கிவிடும். ஆனால் பேட்டரிப் பக்கம் ஒரு தனித் தடுப்பு டயோடு இருக்கவேண்டும். அது இல்லாமல் முதல் நாள் ஷார்ட் செய்தபோது மோட்டாரோடு பேட்டரியையும் சேர்த்தே ஷார்ட் செய்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் நுனி இப்போது கரண்டி மாதிரி இருக்கிறது.

பராமரிப்பில்தான் இது அடித்துக்கொண்டு போகிறது. ஐந்தாவது மோட்டார் ஒன்றை, இறக்கையோடு எடை சமன்பார்த்து, எங்கள் பிளாட்டில் செருப்பு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். (மனைவிக்கு அது பிடிக்கவில்லை, அது வேறு கதை.) போன மழையில் கீழ் வலது பேரிங் கீச்சிட ஆரம்பித்தது. அவசரமே படவில்லை. மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன, பத்து நாள் கழித்து லீவு வந்தபோதுதான் போனேன். தலைப்பகுதி மொத்தமும் 20 கிலோ, ஒரே ஆளாக வின்ச்சைச் சுற்றிச் சாய்த்தேன். நாலு போல்ட்டு, மூன்று கம்பி, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி நிமிர்த்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கெட்டதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பேரிங் மாற்றினேன். இப்போது அலமாரியில் இருப்பது அதுதான். இந்த மோட்டாருக்குள்ளேயும் காந்தம் துருப்பிடிக்கும், பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவேன். ஒரு மாலை நேர வேலை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் காற்றை ஒன்று தின்றுவிடாதா என்று மச்சான் கேட்டான். ஒரே தளத்தில் இருக்கும்வரை அந்தப் பயம் வேண்டாம். காற்றாலைக் கம்பெனியான வெஸ்டாஸ் 2016-இல் டென்மார்க்கின் ரிசோவில் 225 கிலோவாட் சுழலி நான்கை ஒரே கம்பத்தில் மாட்டிச் சோதித்தது. உற்பத்தி குறையவில்லை, சற்றே கூடியது. 2018 கடைசியில் அதைக் கழற்றிவிட்டார்கள், அது சோதனைக்காக நட்டதுதான்.

குறைகளை மறைக்கவில்லை. கிளம்பும் காற்றில் நாலு சின்னது தோற்கும். விட்டம் பாதியானால் முறுக்குவிசை எட்டில் ஒரு பங்குதான், மோட்டாரின் காந்தப்பிடியோ (காந்தம் உள்ளிரும்பை இழுத்துப் பிடிப்பது) அப்படியே இருக்கிறது. பெரிய சுழலி சோம்பலாகவாவது நகரும் காற்றில் இவை நான்கும் சிலை மாதிரி நிற்கும். இறக்கையின் அடிப்பகுதியை அகலமாக விட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தேவலாம். ஒன்று நின்றால் அந்தப் பக்கம் காற்றின் தள்ளல் குறைந்து சட்டம் கோணலாகத் திரும்பி நிற்கும், அதனால் மிச்ச மூன்றும் முழுசாகத் தராது. இடப்பக்கச் சுழலிகளை எதிர்த்திசையில் சுற்ற வைத்திருந்தால் சட்டம் திரும்பும்போது வரும் உதறல் குறைந்திருக்கும். அதற்கு இறக்கையை மாற்றி அறுக்கவேண்டும், சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அறுத்துவிட்டேன். புயலுக்குத் தானாக மடங்கும் ஏற்பாடும் கிடையாது. வானம் கறுத்தால் மாமாதான் சுவிட்சைத் தட்டவேண்டும். காற்று பலமாக அடிக்க ஆரம்பித்த பிறகு தட்டினால் நிற்குமா, சுருள் கருகுமா என்று சோதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரே தண்டில் பல சுழலி கோக்கும் முறையைக் கலிபோர்னியாவின் டக் செல்சம் பிரபலமாக்கினார். தண்டைக் காற்றுக்குச் சற்றுச் சாய்வாக வைப்பார்கள், அப்போதுதான் பின்னால் இருக்கும் சுழலிக்கும் புதுக் காற்று கிடைக்கும். சின்னச் சுழலியின் வேகமும் பல சுழலிகளின் கூட்டு முறுக்கும் ஒரே ஜெனரேட்டருக்குப் போகிறது. காகிதத்தில் மூன்றிலும் இதுதான் எனக்குப் பிடித்தது, கிளம்பும் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். நண்பர் இரண்டே சுழலிதான் கோத்தார். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் தண்டு ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வளைந்து உதறியது, கைப்பேசியில் எடுத்த படத்தில் அது வாழைத்தண்டு போலத் தெரிந்தது. அவர் போட்டது சாதாரண ஜிஐ பைப், லேசான நல்ல தண்டு கிடைத்தால் கதை மாறலாம். பேரிங் போனால் எல்லாம் நிற்கும் என்பதில் மட்டும் அது பெரிய சுழலியோடு சேர்ந்துவிடுகிறது.

பெரிய ஒற்றைச் சுழலி யாருக்கு? கடலிலிருந்து தள்ளி, உப்புக்காற்று படாத மேட்டில் இடமிருந்து, கூப்பிட்டால் வர நாலு ஆள் இருந்தால் தாராளமாக அதையே கட்டுங்கள். ஓடும் நாட்களில் அது ஓடும் அழகே தனி. நாலு சுழலி ஓடுவது பள்ளி விட்ட மாதிரி இரைச்சல்.

என்னுடையதற்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆகவில்லை, பிவிசி இறக்கை வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கவேண்டும். மேல் இடது சுழலியின் ஓர் இறக்கை நுனி வெளுத்திருக்கிறது. நேற்று மாமா போன் பண்ணி, "நாலுல ஒன்னு நிக்குது, அவசரமில்ல, தீபாவளிக்கு வரும்போது பாத்துக்கலாம்" என்றார்.